வியட்நாம் போருக்குள் அமெரிக்கா நுழைந்தது எந்த நாளில்?

வைகைக்கரை (இழை தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. போன வாரம் என் மகள் கல்லூரியில் உலக வரலாறு தேர்வு எழுதினாள். ஒரு மதிப்பெண் கேள்வி: வியட்நாம் போரில் அமெரிக்கா இறங்கிய ஆண்டு எது? அவள் 1965 என்று எழுதினாள். பக்கத்து பெஞ்சுத் தோழி 1964. திருத்தியவர் இரண்டையும் அடித்துவிட்டு 1955 என்று போட்டிருக்கிறார். "அப்பா, யார் சொல்றது சரி?" என்று கேட்டாள். பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான்கு இரவுகள் போய்விட்டன.

மற்றப் போர்களுக்கு நாள் இருக்கிறது. பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது 1941 டிசம்பர் 7. மறுநாளே அமெரிக்க நாடாளுமன்றம் போர் அறிவித்தது. வியட்நாமுக்கு அப்படி எதுவும் இல்லை. கடைசி வரை போர் அறிவிப்பே கிடையாது. ஆனால் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அங்கே செத்தார்கள். வியட்நாம் அரசு 1995-இல் வெளியிட்ட கணக்கின்படி அவர்கள் தரப்புப் போராளிகள் 11 லட்சம் பேர், வடக்கு தெற்கு இரண்டிலும் சேர்த்துப் பொதுமக்கள் 20 லட்சம் பேர். இத்தனை சாவுக்கு ஒரு தொடக்க நாளைக் காட்ட முடியவில்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

நீங்கள் எந்த நாளைச் சொல்வீர்கள்? வெறும் தேதியைப் போட்டுவிட்டுப் போகாமல் ஏன் என்றும் எழுதுங்கள்.

சோழன்குடி

1964 ஆகஸ்ட் 7. டோங்கின் வளைகுடாத் தீர்மானம். கீழவையில் 416-க்கு 0, மேலவையில் 88-க்கு 2. எதிர்த்து வாக்களித்த இரண்டே பேர், ஓரிகன் மாநிலத்து வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னெஸ்ட் குரூனிங். 1968 தேர்தலில் இருவருமே பதவியை இழந்தார்கள்.

போர் அறிவிப்பு இல்லைதான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவில் அதிபர் ஜான்சன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாள் அது. இதைவிடத் தெளிவான நாள் எனக்குத் தெரியவில்லை.

அலைகடல்

சோழன்குடி தம்பி, அந்த வாக்கெடுப்புக்குக் காரணமான இரவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இருபத்தாறு ஆண்டுகள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். ரேடார் திரையைப் பார்த்தபடி கழித்த இரவுகளுக்குக் கணக்கில்லை.

முதலில் ஆகஸ்ட் 2. அன்று நடந்தது உண்மைச் சண்டை. பகல் வெளிச்சத்தில் வட வியட்நாமின் மூன்று டார்பிடோ படகுகள் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்க வந்தன. கப்பலின் மீது பட்டது ஒரே ஒரு தோட்டா. அவர்கள் சும்மா வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் தென் வியட்நாம் படகுகள் ஹோன் மே தீவைச் சுட்டுவிட்டுப் போயிருந்தன. அந்த ரகசியத் தாக்குதல்களுக்குத் திட்டம் போட்டதும் படகு கொடுத்ததும் அமெரிக்கர்கள். தீர்மானத்துக்கு வாக்களித்த உறுப்பினர்களிடம் இது சொல்லப்படவில்லை.

அடுத்து ஆகஸ்ட் 4 இரவு. நிலவில்லாத இருட்டு, இடி மழை, கொந்தளிப்பான கடல். மேடாக்ஸும் டர்னர் ஜாய் என்ற இன்னொரு கப்பலும் இரவெல்லாம் சுட்டன. இல்லாத படகுகளைச் சுட்டன.

இது எப்படி நடக்கும் என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரிவது கடினம். அலை உயரும்போது ரேடார் கதிர் அலை முகட்டில் பட்டுத் திரும்பும். மழை மேகத்திலும் பட்டுத் திரும்பும். திரையில் புள்ளி தோன்றும், இரண்டு சுற்றுக்கு நிற்கும், மறையும், பக்கத்தில் இன்னொன்று தோன்றும். மனதில் பயம் இருந்தால் அந்த இரண்டு புள்ளிகளும் ஒரே படகு நகர்வதாகத் தெரியும். வங்கக் கடலில் ஒரு புயல் இரவில் நானே முன்னால் கப்பல் வருகிறது என்று சொல்லிக் கேப்டனை எழுப்பிவிட்டிருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை. எங்கள் கையில் பீரங்கி இல்லை, அதனால் யாருக்கும் சேதமில்லை.

மேடாக்ஸில் சோனார் பார்த்தவர் டார்பிடோ டார்பிடோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கப்பல் வேகமாக வளைந்து வளைந்து திரும்பியபோது அதன் சொந்த உந்துவிசிறியின் சத்தமே சுக்கானில் பட்டுத் திரும்பிக் கேட்டிருக்கிறது. சில மணி நேரத்தில் கப்பல்களின் பொறுப்பாளர் ஜான் ஹெரிக் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்: வந்த தகவல்கள் பலவும் சந்தேகத்துக்குரியவை, மோசமான வானிலையும் சோனார் பார்த்தவர்களின் ஆர்வமும் காரணமாக இருக்கலாம், கண்ணால் யாரும் எதையும் பார்க்கவில்லை, மேற்கொண்டு எதுவும் செய்வதற்கு முன் முழுதாக ஆராயுங்கள். மேலே விமானத்தில் வட்டமிட்ட ஜேம்ஸ் ஸ்டாக்டேலும் ஒரு படகைக்கூடப் பார்க்கவில்லை என்று பிற்பாடு எழுதினார்.

ஒரு மாலுமி செய்ய வேண்டியதை ஹெரிக் செய்தார். ஆனால் அன்றிரவே ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்துவிட்டார். அந்தப் பதிலடியில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு விமானி எட்டரை ஆண்டுகள் சிறையில் கிடந்தார். தாக்குதல் நடக்கவே இல்லை என்று அமெரிக்க உளவு நிறுவனத்தின் சொந்த வரலாற்றாசிரியரே எழுதிய ஆய்வு 2005-இல்தான் வெளியே வந்தது.

சோழன்குடி

அலைகடல் ஐயா, நன்றி. ரேடார் விவரம் எனக்குப் புதிது. ஆனாலும் என் நாள் மாறவில்லை. சாக்கு பொய்யாக இருக்கலாம், வாக்கு உண்மைதானே?

காரைக்குடியான்

மன்னிக்கவும் தம்பி, அந்த வாக்குக்கு முன்பே கணக்குப் புத்தகத்தில் போர் ஏறியாகிவிட்டது.

எங்கள் குடும்பத்துக்குச் சைகோன் தெரியாத ஊர் இல்லை. நகரத்தார் அங்கே கடை வைத்து வட்டித் தொழில் செய்த காலத்தில் என் தாத்தாவின் அண்ணன் அங்கே இருந்தார். சைகோன் மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. அதனால் எனக்கு இந்தக் கதையைப் பணத்தின் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் வருகிறது.

1945-இல் ஜப்பான் தோற்றபோது வியட்நாம் கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின்னும் அமெரிக்காவும் ஒரே பக்கம். அமெரிக்க உளவுப் படையின் சிறு குழு ஒன்று காட்டுக்குள் பாராசூட்டில் இறங்கி அவருடைய ஆட்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தது. காய்ச்சலில் படுத்துக் கிடந்த ஹோ சி மின்னுக்கு அந்தக் குழுவின் மருத்துவ உதவியாளர் மருந்து கொடுத்தார். செப்டம்பர் 2 அன்று ஹனோயின் பா டின் சதுக்கத்தில் அவர் விடுதலையை அறிவித்தபோது முதலில் வாசித்தது அமெரிக்காவின் 1776 விடுதலைப் பிரகடனத்தின் வரியைத்தான். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று. அதன்பின் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இதில் நம் நாட்டுச் சிப்பாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அது எனக்கு வருத்தம். அதே செப்டம்பரில் சைகோனில் இறங்கியது பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 20-ஆவது டிவிஷன். ஜப்பானியரிடம் ஆயுதத்தை வாங்க வந்தவர்கள், முன்பு வியட்நாமை அடிமையாக வைத்திருந்த பிரெஞ்சுக்காரர் கையில் மறுபடி ஆயுதம் போய்ச் சேர வழி செய்தார்கள். நாமே அடிமையாக இருந்த நேரத்தில் இன்னொருவனை அடிமையாக்க நம்மை அனுப்பினார்கள்.

சரி, பணத்துக்கு வருகிறேன். 1949-இல் சீனா மாவோ கையில் போனது. 1950-இல் பிரான்சின் இந்தோசீனப் போருக்கு அமெரிக்கா உதவத் தொடங்கியது. முதலில் ஒரு கோடி டாலர் அளவில்தான். 1954-க்குள் பிரெஞ்சுப் போர்ச் செலவில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்கப் பணம். தியன் பியன் பூவில் 1954 மே 7 அன்று பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதற்கு முந்தைய நாள் அந்தக் கோட்டைக்குச் சாமான் போடப் போன விமானம் விழுந்து இரண்டு அமெரிக்க விமானிகள் செத்தார்கள்.

பெரியவர்கள் கடையில் சொல்வது ஒன்று உண்டு. நூறு ரூபாய் கொடுத்தவன் வாங்கியவனை மிரட்டலாம். லட்சம் கொடுத்தவன் வாங்கியவன் வீட்டு விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். போட்ட முதல் மூழ்கிவிடக் கூடாதே என்று மேலும் போடுவான். அமெரிக்கா அந்த நிலைக்கு வந்தது 1954-இல். பிரெஞ்சுக்காரன் எழுந்து போனதும் காலி நாற்காலியில் அமெரிக்கா உட்கார்ந்தது. அதனால் என் நாள் 1950 மே, உதவி அறிவித்த நாள்.

முல்லைவாசி

எல்லோரும் அமெரிக்காவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பேசுகிறீர்கள். அந்தக் காலத்தில் நின்று பாருங்கள்.

1948-இல் பெர்லின் முற்றுகை. 1949-இல் சீனா. 1950 ஜூனில் வட கொரியா எல்லை தாண்டியது. மூன்று ஆண்டு கொரியப் போரில் அமெரிக்கர்கள் 36,000-க்கும் மேல் செத்தார்கள். சீனாவை இழந்தது யார் என்று கேட்டுக் கேட்டே ட்ரூமன் கட்சியைக் கிழித்தார்கள். கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய மக்கார்த்தி காலத்தில் அரசாங்கத்தின் சீன நிபுணர்கள் பலர் வேலையை விட்டே துரத்தப்பட்டார்கள். பத்து வருடம் கழித்து வியட்நாம் பற்றி விவரம் தெரிந்து எதிர்த்துப் பேசும் ஆள் மேசையைச் சுற்றி இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு டோமினோ விழுந்தால் வரிசையாக எல்லாம் விழும் என்று அதிபர் ஐசனோவர் 1954 ஏப்ரல் 7 அன்று சொன்னபோது அவர் நடிக்கவில்லை, நம்பித்தான் சொன்னார். ஜெனீவா ஒப்பந்தத்துக்குப் பின் வடக்கிலிருந்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே ஓடிவந்தார்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு ஹோ சி மின் விடுதலை வீரர் இல்லை. வடக்கில் நிலச் சீர்திருத்தம் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், 1956-இல் அவர்கள் தலைமையே தவறு நடந்ததை ஒப்புக்கொண்டது. இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

செங்காந்தள்

முல்லைவாசி அண்ணா சொல்வது நியாயம். தெற்கில் இருந்தவர்கள் எல்லோரும் பொம்மைகள் இல்லை. ஆனால் அவர்களுக்கு என்ன ஆட்சி கிடைத்தது என்று பார்க்க வேண்டும்.

1954 ஜூலை ஜெனீவா ஒப்பந்தப்படி 17-ஆவது அட்சக் கோட்டில் நாடு தற்காலிகமாகப் பிரிக்கப்பட்டது. 1956 ஜூலையில் நாடு முழுவதற்கும் தேர்தல். புதிதாக வெளிநாட்டுப் படையோ ஆயுதமோ வரக் கூடாது. மேற்பார்வைக்கு இந்தியா, கனடா, போலந்து மூன்றும் சேர்ந்த ஆணையம், தலைமை இந்தியாவுக்கு. அமெரிக்கா கையெழுத்துப் போடவில்லை, ஒப்பந்தத்தைக் குலைக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னது.

தெற்கில் அமெரிக்கா தாங்கிப் பிடித்தவர் இங்கோ டின் டியெம். அப்படி ஒரு தேர்தல் வந்தால் ஹோ சி மின் எளிதாக ஜெயிப்பார் என்பது வாஷிங்டனுக்கும் தெரியும், டியெமுக்கும் தெரியும். தேர்தல் நடக்கவே இல்லை. அதற்கு முன் 1955 அக்டோபரில் டியெம் ஒரு வாக்கெடுப்பு நடத்தித் தன்னைத் தலைவராக்கிக்கொண்டார். 98 சதவீதம் வாக்கு. சைகோனில் பதிவு செய்த வாக்காளர் நாலரை லட்சம் பேர். டியெமுக்கு விழுந்த வாக்கு ஆறு லட்சத்துக்கும் மேல்.

எனக்கு ஒரு கேள்வி. 1960 வரை ஆயிரத்துக்கும் குறைவான அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் மட்டும்தானே அங்கே இருந்தார்கள்? கென்னடி காலத்தில் என்ன மாறியது? யாராவது விளக்கமாக எழுதுங்களேன்.

பழைய பேப்பர்

நான் எழுதுகிறேன் செங்காந்தள், ஏனென்றால் என் நாள் அங்கேதான் இருக்கிறது. 1961 டிசம்பர் 11.

அன்று காலை சைகோன் ஆற்றில் கோர் என்ற கப்பல் வந்து நின்றது. பழைய விமானந்தாங்கிக் கப்பல். மேல்தளம் முழுக்க ஹெலிகாப்டர்கள், முப்பதுக்கும் மேல், கூடவே அவற்றை ஓட்டவும் பழுது பார்க்கவும் நானூறு பேர். ஊருக்கு நடுவே ஓடும் ஆறு அது. கரையில் மெஜஸ்டிக் ஹோட்டல். பத்திரிகையாளர் ஸ்டான்லி கார்னோ ஓர் அமெரிக்க ராணுவச் செய்தி அதிகாரியோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தார். வளைவில் அந்தப் பிரம்மாண்டம் திரும்பி வருகிறது. அங்கே பாருங்கள், விமானந்தாங்கி என்று கார்னோ கைகாட்ட, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாராம் அதிகாரி. ஒப்பந்தத்தை மீறி வந்த கப்பல், அதனால் அது இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதற்கு ஒரு மாதம் முன்பு கென்னடியிடம் அவருடைய தூதுக் குழு எட்டாயிரம் படைவீரர்களை அனுப்பச் சொன்னது. மேக்கோங் ஆற்றில் அப்போது வெள்ளம், வெள்ள நிவாரணப் படை என்று பெயர் வைக்கலாம் என்றும் யோசனை சொன்னது. கென்னடி மறுத்தார். படை அனுப்புவது மது குடிப்பதைப் போன்றது, போதை இறங்கியதும் அடுத்த கோப்பை கேட்கும் என்று தன் உதவியாளர் ஆர்தர் ஷ்லெசிங்கரிடம் சொன்னார். இந்தப் பாதையில் போனால் ஐந்தே ஆண்டில் மூன்று லட்சம் பேர் வயலிலும் காட்டிலும் நிற்பார்கள் என்று துணைச் செயலர் ஜார்ஜ் பால் எச்சரித்தபோது, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டதும் அதே கென்னடிதான். ஐந்தாவது ஆண்டு முடிவில் நின்றவர்கள் 3,85,000.

படை என்று சொல்லி அனுப்ப மறுத்தவர் ஆலோசகர் என்று சொல்லி அனுப்பினார். அவர் பதவியேற்றபோது சுமார் 900 பேர், அவர் இறந்தபோது 16,000. ஹெலிகாப்டரை ஓட்டுபவர் அமெரிக்கர், பின்னால் உட்கார்ந்திருப்பவர் தென் வியட்நாம் சிப்பாய். கீழேயிருந்து சுடும் கம்யூனிஸ்ட் கெரில்லாவுக்கு அவர் ஆலோசகரா வீரரா என்று எப்படித் தெரியும்? 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் கிராமத்தில் ஒரே நாளில் ஐந்து ஹெலிகாப்டர்கள் விழுந்தன, மூன்று அமெரிக்கர்கள் செத்தார்கள். அதை வெற்றி என்று செய்தியாளர்களிடம் சொன்னார்கள்.

செங்காந்தள்

மிக்க நன்றி. அப்படியானால் 1963 நவம்பரையும் விட முடியாது. மே மாதம் ஹுவே நகரில் புத்தர் பிறந்த நாளில் பௌத்தக் கொடி ஏற்றத் தடை, கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. ஜூன் 11 அன்று சைகோன் நாற்சந்தியில் துறவி திக் குவாங் டுக் தன்னைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். ஆகஸ்ட் 24, ஒரு சனிக்கிழமை, மேலதிகாரிகள் பலர் ஊரில் இல்லாதபோது வாஷிங்டனிலிருந்து ஒரு தந்தி போனது. டியெம் திருந்தாவிட்டால் அவரைக் கைவிடத் தயார் என்பது அதன் பொருள். நவம்பர் 1 ராணுவப் புரட்சி, மறுநாள் டியெமும் தம்பியும் ஒரு கவச வண்டிக்குள் கொல்லப்பட்டார்கள். மூன்று வாரத்தில் கென்னடியும் சுடப்பட்டார்.

ஓர் ஆட்சியைக் கவிழ்க்கத் தலையசைத்த பிறகு அடுத்து வரும் ஆட்சிக்கு நீதான் பொறுப்பு. அதன்பின் சைகோனில் தளபதி மாற்றி தளபதி வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொருவரையும் அமெரிக்கா தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அப்புறம் எப்படி வெளியே வர முடியும்?

சோழன்குடி

சரி, நான் கொஞ்சம் பின்வாங்குகிறேன். ஆனால் ஆலோசகர், பணம், புரட்சி இதெல்லாம் இருந்தும் 1964 முடியும்வரை ஜான்சன் விலகியிருக்க முடியுமே? அந்தத் தேர்தலில் அவர் அமைதி வேட்பாளர். ஆசியப் பையன்கள் செய்ய வேண்டியதைச் செய்ய ஒன்பதாயிரம் பத்தாயிரம் மைல் தாண்டி அமெரிக்கப் பையன்களை அனுப்பப் போவதில்லை என்று அக்டோபரில் ஏக்ரன் நகரில் பேசினார். பெரும் வெற்றி பெற்றார். அப்போதே எழுந்து வந்திருந்தால்?

வைகைக்கரை

தம்பி, நான்கு இரவும் என்னைத் தூங்கவிடாத கேள்வியும் இதுதான்.

1964 மே 27. டோங்கினுக்கு இரண்டு மாதம் முன்பு. ஜான்சன் தன் தொலைபேசி உரையாடல்களைப் பதிவு செய்து வைத்திருந்தார், இன்று அவற்றை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அன்று பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் பேசுகிறார். குரலில் அதிகாரம் இல்லை, இழுத்து இழுத்து, களைத்துப்போய் வருகிறது. இந்த விஷயத்தை நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை என்கிறார். இது இன்னொரு கொரியா போலத் தெரிகிறது, இதற்காகச் சண்டை போடுவது தகும் என்று தோன்றவில்லை, வெளியே வரவும் முடியாது என்று தோன்றுகிறது என்கிறார். பிறகு, காலையில் தன் பணிவிடைக்கு வந்த சார்ஜென்டைப் பார்த்ததைச் சொல்கிறார். அவருக்கு ஆறு பிள்ளைகள். இவரை எதற்காக நான் அங்கே அனுப்ப வேண்டும், வியட்நாம் எனக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஆழம் தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள். அதே நாளில் அவர் பேசிய மேலவை உறுப்பினர் ரிச்சர்ட் ரசல், இவ்வளவு மோசமான சிக்கலைப் பார்த்ததே இல்லை என்கிறார். அவர் போர் எதிர்ப்பாளரே இல்லை, மேலவை ராணுவக் குழுவின் தலைவர்.

1965 பிப்ரவரியில் துணை அதிபர் ஹம்ப்ரி ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். தேர்தலில் பெரிய வெற்றி கிடைத்திருக்கிறது, அரசியல் நஷ்டம் குறைவாக இருக்கும் ஆண்டு இதுதான், இப்போதே விலகிவிடலாம் என்று. அதன்பின் பல மாதம் அவரை வியட்நாம் கூட்டங்களுக்கே கூப்பிடவில்லை.

மார்ச்சில் பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்னாட்டன் அமெரிக்காவின் நோக்கங்களைச் சதவீதமாகவே எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்க்க 70. தென் வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுக்க 20. அந்த மக்கள் நல்ல வாழ்க்கை வாழ 10. முல்லைவாசி ஐயா, டோமினோ பயம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 1965-இல் அது இருபதாக இறங்கியிருந்தது. எழுபது, முகம் காக்க. காரைக்குடி அண்ணன் சொன்ன அதே கடன் கணக்கு, பணத்துக்குப் பதிலாக மானம்.

முல்லைவாசி

அந்த 70-20-10 எனக்குத் தெரியாமல் இருந்தது. ஏற்கிறேன். ஆனால் வல்லரசுக்கு மானம் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. இங்கே கைவிட்டால் பெர்லினில் நம் சொல்லை யார் நம்புவார்கள் என்பது அவர்களுக்கு நிஜமான கேள்வி. ஜான்சன் தோற்றுப்போய்த் திரும்பியிருந்தால், அவருடைய மருத்துவக் காப்பீட்டுச் சட்டமும் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியிருக்குமா என்பதையும் யோசியுங்கள். அவர் பயந்தது அதற்கும் சேர்த்துத்தான்.

அலைகடல்

வாக்குரிமைச் சட்டத்துக்காக யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை சாகலாமா முல்லைவாசி? கோபமாகக் கேட்கவில்லை. என் மகனும் கடற்படையில் இருக்கிறான், அதனால் கேட்கிறேன்.

முல்லைவாசி

சாகக் கூடாது ஐயா. நான் நியாயப்படுத்தவில்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று சொன்னேன்.

கோவை நித்யா

இந்த இழையை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிக்கத் தொடங்கி, டப்பா திறக்காமலே உட்கார்ந்திருக்கிறேன். எல்லோரும் டா நாங்கை விட்டுவிட்டீர்கள். போன வருடம் அந்தக் கடற்கரையில் நின்றேன். இப்போது ஹோட்டல்கள், நீச்சல், பிள்ளைகள் மணல் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

1965 மார்ச் 8 காலை அங்கே மரைன் படையினர் முழுப் போர்க்கோலத்தில் கடலிலிருந்து இறங்கினார்கள், மொத்தம் 3,500 பேர். கரையில் எதிரி யாரும் இல்லை. வெள்ளை உடையில் பள்ளி மாணவிகள் மாலையோடு நின்றார்கள். தளபதி கார்ச் கழுத்தில் மாலையோடு சிரிக்காமல் நிற்கும் படம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தால் ஏதோ கல்யாண வீட்டுக்குத் தப்பாக வந்து சேர்ந்தவர் போலிருக்கும்.

ஏன் வந்தார்கள்? பிப்ரவரி 7 அன்று பிளேக்கு முகாமில் எட்டு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். பதிலுக்கு வடக்கின் மீது குண்டுவீச்சு. குண்டு போட விமானம் வேண்டும், விமானம் நிற்க டா நாங் தளம் வேண்டும், தளத்தைக் காக்க மரைன்கள் வேண்டும். மரைன்கள் வேலிக்குள்ளேயே நின்றால் வெளியேயிருந்து பீரங்கியால் அடிப்பார்கள். அதனால் வேலிக்கு வெளியே ரோந்து போக வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே தாக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டார்கள், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாது என்று உத்தரவு. சைகோனில் தூதராக இருந்த மேக்ஸ்வெல் டெய்லர், முன்பு எட்டாயிரம் பேர் கேட்டவரே அவர்தான், ஒருமுறை படையை இறக்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போகும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். ஜூன் மாதம் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் 44 பட்டாலியன் கேட்டார்.

அந்தத் தளத்தின் வேலியைத்தான் நான் போருக்குள் நுழைந்த வாசல் என்பேன். ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைக் காக்க வைத்தது. யாரும் பொய் சொல்லாவிட்டால்கூட அது அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்லணும். ஹோ சி மின் நகரத்து (பழைய சைகோன்) போர் அருங்காட்சியகத்தில், காடுகளை அழிக்க அமெரிக்கா தெளித்த ஆரஞ்சு ரசாயனத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள் ஒரு அறை முழுக்க இருக்கின்றன. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த பெண் அந்த அறைக்குள் மட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டார். வியட்நாமியரிடம் போர் எப்போது தொடங்கியது என்று கேட்டால் 1945, 1946 என்கிறார்கள். அவர்களுக்கு எதிரி மாறினானே தவிர போர் நடுவில் நிற்கவே இல்லை.

வைகைக்கரை

நித்யா, நீங்கள் எழுதியதைப் படித்தபிறகுதான் என் நாளைத் தயங்காமல் சொல்ல முடிகிறது. 1965 ஜூலை 28.

டா நாங் வரை எல்லாமே காவல், பதிலடி, ஆலோசனை என்ற பெயரில் நடந்தது. ஜூலையில் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து பேசினார்கள். பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா எண்களோடு வந்தார். ஜார்ஜ் பால் மறுபடி எதிர்த்தார், பெரிய உயிர்ச்சேதம் தொடங்கிவிட்டால் பிறகு திரும்பவே முடியாது என்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுத்தார் ஜான்சன்.

அறிவித்த விதத்தைப் பாருங்கள். இரவு நேரத் தொலைக்காட்சி உரை இல்லை, ஒரு நடுப்பகல் செய்தியாளர் கூட்டம். படை 75,000-லிருந்து 1,25,000 ஆகும், மேலும் தேவைப்பட்டால் பிறகு அனுப்புவோம் என்றார். அதே கூட்டத்தில் உச்ச நீதிமன்றத்துக்குப் புதிய நீதிபதியின் பெயரையும் அறிவித்தார். கொள்கை மாறிவிட்டதா என்று ஒரு நிருபர் கேட்டதற்கு, இல்லை என்றார். ஆண்டு முடிவதற்குள் 1,84,000 பேர் அங்கே இருந்தார்கள். 1969-இல் 5,43,000.

தன் நாட்டு மக்களிடம் போர் என்று சொல்லாமலே போருக்குப் போன நாள் அது. மற்ற நாட்களில் திரும்பும் வழி கொஞ்சமாவது இருந்தது.

பழைய பேப்பர்

உங்கள் மகளின் விடைத்தாளுக்கு வருகிறேன் வைகைக்கரை. 1955 என்று திருத்தியவரும் சும்மா போடவில்லை.

வாஷிங்டனில் கறுப்புப் பளிங்குச் சுவர் ஒன்று 1982-இல் திறக்கப்பட்டது, இறந்த அமெரிக்கர்கள் அத்தனை பேரின் பெயரோடும். முதல் சாவு என்று அதில் இருந்தது 1959 ஜூலை 8. பியன் ஹோவா முகாமில் சாப்பாட்டுக்கூடத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஆலோசகர்கள், ரீல் மாற்ற விளக்கைப் போட்ட நேரத்தில் ஜன்னல் வழியாகச் சுடப்பட்டார்கள். பாதுகாப்புத் துறையின் கணக்கில் போர் அதற்குப் பிறகுதான்.

ஆனால் அதற்கு முன்பே, 1956 ஜூன் 8 அன்று, ஒரு விமானப்படை சார்ஜென்ட் சைகோனில் இறந்திருந்தார். சுட்டது எதிரியில்லை, இன்னொரு அமெரிக்க விமானப்படை வீரர். போர் என்று எதுவும் இல்லாத ஆண்டில் இறந்ததால் சுவரில் அவருக்கு இடமில்லை. குடும்பம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் துறை போரின் தொடக்க நாளையே 1955 நவம்பர் 1 என்று முன்னுக்குத் தள்ளியது. 1999-இல் அவர் பெயரைச் செதுக்கினார்கள்.

அதே சுவரில் அவருடைய மகன் பெயர் அதற்கு முன்பே இருந்தது. அப்பாவின் பெயரையே வைத்துக்கொண்ட பையன். மரைன் படையில் சேர்ந்து, 1965 செப்டம்பரில் வியட்நாமில் செத்தான்.

வைகைக்கரை

மகளிடம் இதைக் காட்டினேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்தப் பையனுடைய அம்மா அப்போது உயிரோடு இருந்தார்களா என்று கேட்டாள்.

காரைக்குடி அண்ணே, உங்கள் பெரிய தாத்தா சைகோனிலிருந்து எழுதிய கடிதங்கள் ஏதாவது வீட்டில் இருந்தால் இங்கே போடுங்கள்.

காரைக்குடியான்

மேல்வீட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், திறந்து பார்க்கிறேன்.